பெயர் வைக்காத புதன்கிழமை

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் கொண்டாடும் நன்றி நவிலும் பண்டிகை, தேங்க்ஸ்கிவிங், முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து இறக்கி வைத்த வான்கோழி, நண்பர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்த பதார்த்தங்கள், பிள்ளைகளின் கூச்சல். எல்லாம் நிறைவாகவே நடந்தது. ஆனால், இந்த நாட்டில் இருபது ஆண்டுகள் குடும்பம் நடத்திய பிறகு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: விருந்து நாளைவிட அதற்கு அடுத்து வரும் வாரம்தான் பெரிது. அந்த வாரத்தை நம்மில் பலர் கைநழுவ விடுகிறோம் என்பது என் ஆதங்கம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா வந்திருக்கிறாள். விருந்துக்கு வாங்கிய கிரான்பெர்ரி என்ற புளிப்பான சிவப்புப் பழத்தில் ஒரு பை மீந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, “களாக்காய்க்குத் தங்கச்சி போலிருக்கிறதே” என்றாள். அவ்வளவுதான், வாணலி அடுப்பில் ஏறிவிட்டது. நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, பெருங்காயம். பிறகு அந்தப் பழங்கள் அத்தனையும். கிரான்பெர்ரிக்குள் சின்னச் சின்னக் காற்றறைகள் உண்டு. அதனால்தான் தோட்டத்தில் தண்ணீரைத் தேக்கி, பழங்களை மிதக்கவிட்டு அள்ளுகிறார்கள். சூடு ஏறியதும் தோல் தாங்காது. படார் படாரென்று ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த மகன் சத்தம் கேட்டு இறங்கி வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எண்ண ஆரம்பித்துவிட்டான். மிளகாய்ப் பொடி, வறுத்து இடித்த வெந்தயம், உப்பு, ஒரு துண்டு கருப்பட்டி. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நின்றபோது தொக்கு அரக்கு நிறத்தில் பளபளத்தது. மகள் எழுந்து வந்ததும் பழைய சோற்றில் தயிர் ஊற்றி, வாணலியின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தொட்டுக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டாள். வியாழக்கிழமை மேசை விரிப்பும் பூச்சாடியும் வைத்துப் பரிமாறியபோது அவள் இத்தனை ஆசையாகச் சாப்பிடவில்லை.

மீந்த கறியை நான்கு நாளைக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றுக்கும் வழி பார்த்தாக வேண்டும். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்ந்து போண்டாவாயிற்று. வான்கோழியின் எலும்புக் கூட்டை அம்மா பெரிய பாத்திரத்தில் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசமாக இறக்கினாள். மகள் அன்று மாலை பிட்ஸ்பர்க் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் பையில் துணியைவிட டப்பாக்கள்தான் அதிகம். தொக்கு ஒழுகிவிடாமல் இருக்க நான் மூன்று பிளாஸ்டிக் பைகளைச் சுற்றினேன். அம்மா அதைப் பிரித்து, தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து வாயைக் கட்டிக் கொடுத்தாள். ஒழுகவில்லை.

திங்கட்கிழமை மகனுக்குப் பள்ளி இல்லை. நாங்கள் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் 1963 முதல் 2018 வரை தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கட்கிழமைதான் தொடங்கியது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து காட்டுக்குப் போவார்கள் என்று பள்ளிகளே விடுமுறை விட்டன. 2019 முதல் தொடக்க நாள் சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. ஆனாலும் ஹாரிஸ்பர்க் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி அந்தத் திங்களை விட்டுக்கொடுக்கவில்லை. எங்களுக்கும் வேட்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த நாளில் நாங்கள் சருகு வாருகிறோம். ஓக் மரம் கடைசியாகத்தான் இலை உதிர்க்கும். கணவர் மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டார். மூவரும் சருகைக் குவித்துச் சாலையோரம் தள்ளினோம். அம்மா ஸ்வெட்டருக்கு மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு வாசற்படியில் அமர்ந்து, எந்த மூலையில் இன்னும் வாரவில்லை என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

இந்த வாரத்தின் மீது கடைக்காரர்களுக்கு எப்போதும் ஒரு கண். 1939-இல் நவம்பர் மாதத்தின் கடைசி வியாழன் 30-ஆம் தேதி வந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று வணிகர்கள் முறையிட, ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் இழுத்தார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் ஏற்றன, மற்றவை மறுத்தன, இரண்டு நாளும் கொண்டாடிய மாநிலங்களும் உண்டு. நான்காவது வியாழன் என்று 1941 டிசம்பரில் சட்டம் வந்த பிறகே குழப்பம் தீர்ந்தது. அதன் பிறகும் விடவில்லை. தள்ளுபடி விற்பனைக்காக மறுநாள் வெள்ளிக்குப் பிளாக் ஃப்ரைடே, இணைய விற்பனைக்காக அடுத்த திங்களுக்குச் சைபர் மண்டே என்று நாளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். 2012 முதல் செவ்வாய்க்கும் பெயர் வந்தது. அது தானத்துக்கான நாள், அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

நாங்களும் ஒரு காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்குக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள். ஆறு வயது மகள் என் தோளில் சாய்ந்து தூங்கியபடி குளிரில் நடுங்கினாள். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. இப்போது கடையை விட்டாலும் நம் ஆட்கள் அடுத்தடுத்து விருந்துக்கு அழைத்துவிடுகிறார்கள். அன்பால்தான் அழைக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியூரில் படிக்கும் பிள்ளை நான்கு நாளுக்கு வந்திருக்கும்போது, மூன்று மாலைகள் மற்றவர் வீட்டு வரவேற்பறையில் கழிந்துவிடுகின்றன. இந்த ஆண்டு வந்த இரண்டு அழைப்புகளையும் ஜனவரிக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டோம். யாரும் வருத்தப்படவில்லை. நீங்களும் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

புதன்கிழமைக்கு மட்டும் இன்னும் எந்தக் கடைக்காரரும் பெயர் வைக்கவில்லை. இந்த ஆண்டு அந்தப் புதன், டிசம்பர் 3, திருக்கார்த்திகை. திருவண்ணாமலையில் தீபம் ஏற்றியபோது எங்களுக்கு விடிந்துகொண்டிருந்தது. இங்கே ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. அண்டை வீட்டார்கள் கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்களைக் கூரையில் கட்டிவிட்டிருந்தார்கள். நாங்கள் படிகளில் பதினோரு அகல் வைத்தோம். தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் கட்டியாகிவிடும் என்பதால் நல்லெண்ணெய்தான். காற்றில் ஒன்று அணைய, மகன் குனிந்து குனிந்து ஏற்றிக்கொண்டே இருந்தான். ஓலைக் கொழுக்கட்டைக்குப் பனையோலைக்கு எங்கே போவது? இந்தியக் கடையில் உறைய வைத்து விற்கும் வாழை இலையில் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் வைத்து மடித்து அவித்தாள் அம்மா.

மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். “ஆச்சி, இலையைப் பிரித்துக் காட்டுங்கள்” என்றாள். அம்மா போனுக்கு அருகில் வைத்துப் பிரித்தாள். ஆவி அடித்துப் போன் முழுதும் மங்கிப்போயிற்று. மகன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, “இப்போது தெரிகிறதா அக்கா?” என்று கேட்டான்.