"வாழ்த்து அட்டைக் கவிஞர்"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றிருந்தேன். மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை. அமெரிக்கக் கவிஞர் டெட் கூசரைப் பற்றிப் பேச்சு வந்தது. "டெட் கூசரா? இன்சூரன்ஸ்காரர். வாழ்த்து அட்டைக் கவிஞர். ஆழம் இல்லை" என்று மேடையில் சொன்னதும் அரங்கமே சிரித்ததே, அது.

ஆமாம், இன்சூரன்ஸ்காரர்தான். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 35 வருஷம் அந்த வேலை பார்த்தவர். விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஆபீஸ் கிளம்பும்வரை எழுதுவார். எழுதியதை ஆபீஸில் செயலாளரிடம் காட்டுவார். அந்தம்மாவுக்குப் புரியவில்லை என்றால் மறுபடி திருத்துவார். புரியும்படி எழுதுவது உழைப்பு. அதை ஒரு சிரிப்பில் தள்ளிவிட்டார்கள்.

அட்டையும் உண்மைதான். 1986 முதல் 2007 வரை காதலர் தினத்துக்கு வருஷம் ஒரு கவிதை, தபால் அட்டையில் அச்சடித்துப் பெண்களுக்கு அனுப்பினார். சுமார் 50 பேரில் தொடங்கியது 2,500 பேருக்கு மேல் போனது. கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார்கள். இதில் கேவலம் எங்கே இருக்கிறது?

"எல்லோருக்கும் புரிந்தால் அது கவிதையா?" என்பீர்கள். புரியும்படி எழுதுவது உழைப்பு என்று மறுபடியும் சொல்கிறேன். "அவர் கவிதைகளில் சில சாதாரணம்" என்றால் ஒத்துக்கொள்கிறேன். 2004இல் அமெரிக்காவின் தேசியக் கவிஞரானதையும் 2005 புலிட்சர் பரிசையும் காட்டி வாயடைக்க வரவில்லை. அவற்றை விடுங்கள்.

இன்னொரு நூறு அட்டைகள் இருக்கின்றன. 1998இல் அவருக்கு வாயில் புற்றுநோய். அறுவை, கதிர்வீச்சு. வெயில் ஆகாது என்று மருத்துவர்கள் சொன்னதால் விடியும் முன்பே நடக்கப் போவார். எழுத்தே நின்றுபோயிருந்தவர், அந்த நவம்பரில் நடந்துவிட்டு வந்து மறுபடி எழுதத் தொடங்கினார். அட்டையில் ஒட்டி, நண்பரும் எழுத்தாளருமான ஜிம் ஹாரிசனுக்கு அனுப்பினார். பனி, மரம், பறவை, சாலை. நோயின் பேச்சு கொஞ்சம்தான்.

என் அம்மாவுக்குக் கழுத்தில் கரண்ட் (அதே கதிர்வீச்சுதான்) வைத்த மாசங்களில் அவளால் பேச முடியாது. எட்டாவது வரை படித்தவள். ராத்திரியில் இந்தக் கவிதைகளைத் தப்பும் தவறுமாகத் தமிழில் சொல்லிக் காட்டுவேன். ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் அன்றைய வானிலையும் இருக்கும். முடித்ததும் அம்மா ஜன்னலைக் காட்டுவாள். நம்ம ஊர் வானிலையைச் சொல்ல வேண்டும். "புழுக்கம், காத்தே இல்லம்மா" என்பேன். தலையாட்டுவாள். அப்புறம்தான் அடுத்த கவிதை.

ஆழம் இல்லையாம்.

அன்று அரங்கம் சிரித்தபோது மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். எழுந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.