ரெண்டு நாள் லீவு, ரெண்டும் ட்ரை டே

2025 ஆயுத பூஜை லீவு. அக்டோபர் 1, 2. "நம்மூர் சரக்கையே குடிச்சு நாக்கு செத்துப்போச்சு, புதுசா ஒயின், பீர்னு ருசி பாப்போம் வா மாப்ள"ன்னு மச்சான் இழுத்துட்டு வாளையார் தாண்டினான். பாலக்காட்டுல கடைக்கடையா ஷட்டர் இறங்கிக் கெடக்கு. கேரளாவுல மாசம் 1ஆம் தேதின்னாலே ட்ரை டேயாம். மறுநாள்? காந்தி ஜெயந்தி! ரூமுக்கு அட்வான்ஸ் கட்டினது நானு.

மிஞ்சினது ராமசேரி இட்லிதான். மண்பானை மேல நூல் வலை, அதுமேல துணி விரிச்சு, தோசையாட்டம் தட்டையா வேகவெச்சது. பொடியில எண்ணெய் ஊத்தி அஞ்சு உள்ள போச்சு, அதைக் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா வழியெல்லாம் கிராஃப்ட் பீர் பத்திக் கிளாஸ் எடுத்தவன் எதுத்தாப்ல உக்காந்து சம்பாரம்ங்கிற நீர்மோரு குடிக்கிறான். காலண்டர் பாக்கத் தெரியல, இவனுக்கு கிராஃப்ட் பீரு!