வயலின்காரருக்கு எதற்குச் சங்கம்?

சிம்பொனி இசைக்குழு ஒன்று வேலைநிறுத்தம் செய்த செய்தியைப் பகிர்ந்தால் நம்மாட்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, ‘வயலின் வாசிக்கிறதுக்கும் சங்கமா?’ என்பதுதான். போன கிழமையும் அதேதான் வந்தது, அதுவும் துறைமுகத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவுக்காகக் கொடி பிடித்து நின்ற அண்ணன்மாரிடமிருந்து! சரி, கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா இசைக்குழுவில் நடந்தது வேலைநிறுத்தம்கூட இல்லை, கதவடைப்பு. 2012 ஒக்டோபர் 1ஆம் திகதி நிர்வாகமே கதவைப் பூட்டியது. சராசரிச் சம்பளத்தை ஆண்டுக்கு 135,000 டொலரிலிருந்து 89,000 டொலருக்கு இறக்க வேண்டும் என்றார்கள். முதலில் கணக்கைக் காட்டுங்கள், வெளியாள் ஒருவர் ஆராயட்டும் என்றார்கள் கலைஞர்கள். அவ்வளவு சம்பளமா என்று இங்கே கண் விரியும், தெரியும், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். 2009இல் பணிப்பாளர் சபை பேசிய கூட்டக் குறிப்புகள் பிறகு பத்திரிகையில் வெளிவந்தன. அரசிடம் நிதி கேட்கும் ஆண்டுகளில் வரவும் செலவும் சமன் என்று காட்டுவது, சம்பள ஒப்பந்தம் முடியப்போகும் ஆண்டுகளில் பற்றாக்குறையைக் காட்டுவது என்று அதில் முன்கூட்டியே திட்டம் இருந்தது. வைப்பு நிதியிலிருந்து, அதாவது கொடையாக வந்து முதலீட்டில் கிடக்கும் காசிலிருந்து, எந்த ஆண்டு எவ்வளவு எடுப்பது என்பதைக் கூட்டிக் குறைத்தாலே இது நடக்கும், ஒரு இலக்கத்தைக்கூடப் பொய்யாக எழுதத் தேவையில்லை. இதற்கிடையில் 5 கோடி டொலர் செலவில் மண்டபத்தைப் புதுப்பித்தும் விட்டார்கள், உள்ளே வாசிக்கத்தான் ஆள் இல்லை.

கலைஞர்கள் வேறு மண்டபம் பிடித்துத் தாங்களே கச்சேரி நடத்தினார்கள். நியூயோர்க் கார்னகி மண்டப நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டதும் மேடையில் குழுவை நடத்தும் இசை இயக்குநர் ஒஸ்மோ வான்ஸ்கா 2013 ஒக்டோபரில் பதவி விலகினார். 2014 ஜனவரியில் 15 வீதக் குறைப்புடன் ஒப்பந்தம் வந்தது, அதே மாதம் அந்தக் குழு வாசித்த, பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியுஸின் இசைத்தட்டுக்குக் கிராமி விருதும் வந்தது. பிறகு நிர்வாகத் தலைவர் போனார், வான்ஸ்கா திரும்பி வந்தார். நான் வாசித்த அளவில் இப்படியான தகராறுகளில் பெரும்பாலானவை, சம்பளம் என்று பெயர் வைத்தாலும், கணக்குக் கொப்பி யார் கையில் என்ற சண்டைதான்.

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் மேதினக் கூட்டப் பேச்சாகிவிடும். போமோல், போவன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1966இலேயே எழுதிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் செய்யும் பொருள் காலத்தோடு பல மடங்காகிறது, ஆனால் பேத்தோவனின் சிம்பொனி ஒன்றை வாசிக்க அன்றைக்குத் தேவைப்பட்ட ஆட்களும் நேரமும் கிட்டத்தட்ட இன்றைக்கும் தேவை, வாசிப்பவரின் வீட்டு வாடகை மட்டும் எல்லாருடையதையும் போல ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் டிக்கட் விற்ற காசு செலவில் பாதிக்குக்கூடக் காணாது, மிச்சம் கொடையாளர் தருவதும் வைப்பு நிதி தருவதும்தான். 1939இல் தொடங்கிய சான் அன்டோனியோ குழுவில் அதுவும் போதாமல் போய், முழுநேரக் கலைஞர்களை 72இலிருந்து 42 ஆகக் குறைக்கப் பார்த்தார்கள். 2021 செப்டெம்பரில் வேலைநிறுத்தம், 2022 ஜூனில் குழுவையே கலைத்துவிட்டார்கள். கலைஞர்கள் பிறகு புதுக்குழு தொடங்கினார்கள் என்பது வேறு கதை.

அப்போ வாசிப்பவர்களே நடத்தினால் என்ன? ஜெர்மனியின் பேர்லின் பில்ஹார்மொனிக் இசைக்குழு பிறந்ததே தொழில் தகராறில்தான். பில்சே என்ற குழுத் தலைவர் தன் வாத்தியக்காரரை வார்சோவுக்கு நான்காம் வகுப்பு ரயில் பெட்டியில் கொண்டுபோகப் பார்க்க, 1882இல் ஐம்பது பேரளவில் பிரிந்து வந்து சொந்தமாகக் குழு அமைத்தார்கள். தலைமை இயக்குநரை இன்றைக்கும் அவர்கள்தான் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். ஆனால் லண்டனில் கலைஞர்களே நடத்தும் பெரிய குழுக்களில் மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை, வாசித்த கணக்குக்குத்தான் காசு.

சிக்காகோ குழு 2019இல் ஏழு கிழமையளவு வேலைநிறுத்தத்தில் நின்றது ஓய்வூதியத்துக்காக. ஓய்வு பெற்றபின் மாதம் இவ்வளவு என்ற உறுதியை எடுத்துவிட்டு, கணக்கில் காசு போடுகிறோம், சந்தை ஏறினாலும் விழுந்தாலும் உங்கள் பாடு என்றது நிர்வாகம். 2023இல் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு என்ன ஆகுமோ என்று பயந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இசை இயக்குநர் ரிக்கார்டோ மூட்டியே வாசலுக்கு வந்து கலைஞர்களோடு நின்றார். கடைசியில் புதிதாகச் சேர்கிறவர்கள் மட்டும் புது முறைக்குள் என்று முடித்தார்கள். எனக்கு ஒட்டாத இடம் இதுதான், பேச்சுவார்த்தை மேசையில் இல்லாத ஆளின் பங்கை விட்டுக்கொடுப்பது எல்லாருக்கும் சுகம்.

இனி நம்ம பக்கம். திருகோணமலையில் சிம்பொனி இல்லை, மேளம் இருக்கிறது. கோயிலின் பெயர் வேண்டாம். திருவிழாவுக்குத் தவில், நாதஸ்வரக் கூட்டத்தோடு காசு பேசும்போது, ‘அம்பாளுக்கு வாசிக்கிறதுக்குக் கணக்குப் பார்க்கலாமா தம்பி?’ என்று சபையில் ஒரு பெரியவர் கேட்டார். அதே சபை பந்தல்காரரிடமும் ஜெனரேட்டர்காரரிடமும் அம்பாளை இழுக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தது. காலைப் பூசையில் தொடங்கி இரவு சுவாமி வெளிவீதி சுற்றி வரும்வரை வாசிக்கிற ஆட்களிடம் மட்டும்தான் பக்தி கேட்கிறார்கள். உபயகாரரும் அப்படித்தான், மண்டபத்துக்குத் தரை ஓடு பதிக்க லட்சக்கணக்கில் தருவார், பெயர் கல்லில் வரும், மேளத்துக்கு என்றால் அடுத்த வருடம் பார்ப்போம்.

சங்கம் வைக்கச் சொல்லவில்லை. திருவிழா வரவு செலவை மேளக்காரர் முன்னாலும் வையுங்கள், காசு இல்லையென்றால் இல்லை என்று அந்தத் தாளே சொல்லட்டும். முற்பணம் எவ்வளவு, மழையால் ஒருநாள் நின்றால் எவ்வளவு, தங்க இடம் எங்கே என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். ‘அண்ணன் கோயிலுக்குள்ள யூனியன் கொண்டுவாறார்’ என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன், தூசணம் எழுதினால் மட்டும் அழித்துவிடுவேன்.