குபான் வானில் 16ஆவது கார்ட்ஸ் ரெஜிமென்ட்

1943இல் தென் ரஷ்யாவின் குபான் பகுதியில் ஜெர்மனியருக்கு எதிராக நடந்த வான்போரில் சோவியத் விமானிகள் சாதித்ததற்கு அமெரிக்கத் தயாரிப்பான ஏராகோப்ரா போர் விமானங்களே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அங்கே போரிட்ட 16ஆவது கார்ட்ஸ் ரெஜிமென்ட் (போரில் சிறந்து விளங்கிய படைப்பிரிவுகளுக்குத் தரப்பட்ட பட்டமே 'கார்ட்ஸ்'), 1941 ஜூன் 22 அன்று மால்டோவாவில் மிக்-3 விமானங்களோடு போரைச் சந்தித்தபோது 55ஆவது ரெஜிமென்ட்டாக இருந்தது. அன்றே அந்த ரெஜிமென்ட்டின் விமானி அலெக்சாந்தர் போக்ரிஷ்கின், அதற்குமுன் அவ்வகை விமானத்தைக் கண்டிராத காரணத்தால், தம் நாட்டு சூ-2 குண்டுவீச்சு விமானத்தையே எதிரியென்று எண்ணிச் சுட்டு வீழ்த்திவிட்டார். சொந்தப் படையின் விமானம் எப்படியிருக்கும் என்றுகூட விமானிகளுக்குக் காட்டப்படவில்லை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

அந்தத் தொடக்கத்திலிருந்து மேலெழுந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு சண்டையையும் வரைபடமாகத் தாளில் வரைந்து ஆராய்ந்த போக்ரிஷ்கின், "உயரம், வேகம், லாவகம், சுடுதல்" என்ற வரிசையை வகுத்ததோடு, விமானங்களை இணை இணையாகப் படிக்கட்டுபோல் வெவ்வேறு உயரங்களில் நிறுத்தும் முறையையும் குபானில் நிலைநாட்டினார். ஏராகோப்ராவின் மூக்கிலிருந்த 37 மி.மீ. பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கிகளும் தனித்தனிப் பொத்தான்களில் இயங்கியதை மாற்றி, ஒரே விசையில் எல்லாம் சுடும்படி செய்யவைத்தவரும் அவரே.

அவரிடம் கற்றுத் தேர்ந்த அலெக்சாந்தர் க்ளுபோவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியேனும் இருந்திருக்க வேண்டும். அத்தனை சண்டைகளிலும் உயிர்தப்பிய அவர், 1944 நவம்பரில் புதிய சோவியத் போர் விமானமான லா-7இல் பயிற்சிக்காகப் பறந்து தரையிறங்கும்போது உயிரிழந்தார்.