மீலாது வாழ்த்துல முகம் போடாதீங்க மக்களே

இந்த வருஷம் மீலாதுக்கு எங்க ஸ்கூல் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மாப்ள வாழ்த்து போட்டான். ஏஐல செஞ்ச படம், பச்சைத் தலைப்பா, நீளத் தாடி, தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம், கீழ "நபிகள் நாயகம் பிறந்தநாள் வாழ்த்துகள்"னு. அவன் மனசுல கெட்டது எதுவும் இல்ல, விநாயகர் சதுர்த்திக்கு எப்படி செஞ்சானோ அதே மாதிரிதான் இதையும் செஞ்சிருக்கான். கொஞ்ச நேரத்துல குரூப்பே ரெண்டாயிருச்சு, நம்ம முஸ்லிம் பசங்க "டெலிட் பண்ணுடா"ன்னு கத்த, அந்தப் பக்கம் "உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கோவம்டா"ன்னு. ரெண்டு பக்கமும் விஷயம் தெரியாமத்தான் சண்டை போட்டுச்சு, அதான் இங்க எழுதுறேன்.

குர்ஆன்ல "நபியை வரையக்கூடாது"ன்னு நேரா ஒரு வசனம் கிடையாது. சிலை வணக்கம் கூடாதுங்கறதுதான் அங்க அடிப்படை. உருவப் படத்தைப் பத்தின கண்டிப்பெல்லாம் ஹதீஸ்ல, அதாவது நபியோட சொல், செயல் பத்தின பதிவுகள்ல வருது. நபியோட மனைவி ஆயிஷா நாயகி வீட்டுல உருவம் போட்ட திரைச்சீலை தொங்குறதைப் பாத்து நபி முகம் மாறிப்போச்சு, அப்புறம் அதை வெட்டித் தலையணை உறை ஆக்கிட்டாங்கன்னு புகாரிங்கற ஹதீஸ் தொகுப்புல இருக்கு. ஈசா நபியை, அதாவது இயேசுவை, அவங்க ஆளுங்க உயர்த்துன மாதிரி என்னை உயர்த்தாதீங்க, நான் அல்லாஹ்வோட அடிமைதான்னு நாயகமே சொன்னதும் அதுல இருக்கு. பயம் இதுதான்: இன்னைக்கு படம், நாளைக்கு மாலை, அதுக்கடுத்து சூடம். செட்டிய வீட்டு முகப்புல ரவிவர்மா சரஸ்வதிக்கு தினம் பூ வைக்கிறதைப் பாத்து வளந்த நமக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா என்ன. அது அவங்க பக்தி. அந்தப் பக்தி தன் மேல திரும்பிரக்கூடாதுன்னு எங்க நாயகம் நெனச்சாங்க, அவ்வளவுதான்.

அதுக்காக முஸ்லிம் எவனும் வரைஞ்சதே இல்லைன்னு அடிச்சு விடாதீங்க. 14ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஈரான் தப்ரீஸ்ல ரஷீதுத்தீன்னு ஒரு மந்திரி எழுதுன உலக வரலாற்றுல நபி முகத்தோடவே இருக்காங்க. 1595 வாக்குல உஸ்மானிய சுல்தான் மூணாம் முராத் வரையச் சொன்ன நபி வரலாற்றுல முகத்துல வெள்ளைத் திரை. அந்த ரஷீதுத்தீன் படத்தைத்தான் 2022ல அமெரிக்காவுல ஒரு டீச்சர் கலை வரலாறு கிளாஸ்ல, பாக்க விரும்பாதவங்க பாக்க வேணாம்னு முன்கூட்டியே சொல்லிட்டுக் காட்டுனாங்க, அவங்க வேலையே போச்சு. அது அநியாயம். முஸ்லிம் வரைஞ்சதைப் பாடமா காட்டுறதும், கேவலப்படுத்தணும்னே கார்ட்டூன் போடுறதும் ஒண்ணா? அப்படி நபி கார்ட்டூன் போட்டதுக்குப் பழிவாங்குறோம்னு 2015 ஜனவரியில பாரிஸ்ல சார்லி ஹெப்டோ பத்திரிகை ஆபீசுக்குள்ள புகுந்து 12 பேரைக் கொன்னானுங்களே, நபியை எந்தப் படமும் அவ்வளவு அசிங்கப்படுத்தல.

எங்க அத்தாவுக்கு காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் படத்துக்கு ஃபிரேம் போடுற கடை. முருகன், மீனாட்சி, கல்யாண போட்டோ, மக்கா மதீனா, எல்லாம் ஒரே மேசையில கிடக்கும். முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைக்காரங்க செல்லரிச்ச தஞ்சாவூர் படமெல்லாம் கொண்டு வருவாங்க, தூசி தட்டி கண்ணாடி மாத்திக் குடுப்பாரு. இயேசு படமும் போடுவாரு. யோசிச்சுப் பாருங்க, இயேசு எங்களுக்கு ஈசா நபி, அவங்களும் ரசூல்தான், இறைத்தூதர்தான். பேக்கரி காலண்டர்ல அவங்க முகம் இருக்குன்னு ஊர்ல எந்த பாயும் கல்லெறிஞ்சதில்ல. அது கிறிஸ்தவங்க வழக்கம்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் 2014ல நூஹ் நபி (பைபிள்ல நோவா) பத்தின ஹாலிவுட் படத்தை மட்டும் வளைகுடா நாடுகள் ஏன் தடை பண்ணுச்சுன்னு எனக்கு இன்னும் புரியல.

முன்னாடி கடைக்கு நபியைச் சுமந்துட்டுப் போன புராக்கோட படமும் நெறைய வரும். பொண்ணு முகம், குதிரை உடம்பு, மயில் தோகை, முதுகுல சேணம், அதுல யாரும் இருக்க மாட்டாங்க. மிஃராஜ், அதாவது விண்ணுலகப் பயணம், போன வாகனத்தைக் காட்டலாம், போனவங்களைக் காட்டக்கூடாதுன்னு அந்தக் காலத்து மனுசங்க அழகா ஒரு கோடு போட்டு வச்சிருந்தாங்க. இப்ப பேரன் துபாய்லேர்ந்து வந்து "இது ஷிர்க் (இறைவனுக்கு இணை வைக்கிறது) நன்னா"ன்னு கழட்டி வச்சிர்றான், கையோட அதையே செல்ஃபி வேற எடுக்குறான்.

முகமே இல்லைன்னா எப்படி மனசுல நெருக்கம் வரும்னு ஒருத்தன் கேட்டான். தம்பி, உமறுப்புலவர் சீறாப்புராணத்தை எடுத்துப் படி, அய்யாயிரத்துக்கு மேல பாட்டு, அரபு நாட்டுக் கதைக்குள்ள நம்ம மழையும் ஆறும் வயலும் ஓடும், நாயகத்தோட அழகைப் பாடி முடியாது அவருக்கு. நாயகத்தைக் குழந்தையா வச்சுப் பிள்ளைத்தமிழே பாடியிருக்காங்க. நாயகம் பிறந்த ரபீயுல் அவ்வல் மாசம் வந்தா எங்க தெருவுல மவ்லிதுங்கற நபி புகழ்ப் பாட்டு ஓதி நெய்ச்சோறு ஆக்குற வீட்டுல எங்கம்மா அழுவாங்க, படம் பாத்தா அழுவுறாங்க?

2015ல ஈரான் டைரக்டர் மஜீத் மஜீதி எடுத்த நபி பத்தின சினிமாவுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் மியூசிக் போட்டதுக்கு மும்பைல ஃபத்வா குடுத்தாங்க ஞாபகம் இருக்கா, அந்தப் படத்துலயும் முகத்தைக் காட்டவே இல்ல. காட்டாத படத்துக்கும் கோவம்னா அப்புறம் எதைத்தான் பேசுறது.

என் கணக்கு சிம்பிள். வரையாம இருக்கறது எங்க மேல நாங்க போட்டுக்கிட்ட கட்டு, தெரியாம அனுப்புன நண்பன் கழுத்துல மாட்டுற கட்டு இல்ல. பக்குவமா சொன்னா அவனே எடுத்துருவான். நாளைக்கே யாராச்சும் அந்த ஏஐ படத்தை பிரிண்ட் எடுத்துட்டு வந்து ஃபிரேம் போடச் சொன்னா எங்க அத்தா போட மாட்டாரு, "இது எங்க வழக்கம் இல்லண்ணே"ன்னு திருப்பிக் குடுத்துருவாரு. பக்கத்துக் கடையில போட்டுக்கிட்டாங்கன்னா அவரு அங்க போய் நிக்கவும் மாட்டாரு.