கடலில் போனவர்களைப் பேய்க்கதை ஆக்காதீர்கள்

அந்த வீடியோவை எத்தனை பேர்தான் எனக்கு அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். ஸ்காட்லாந்தின் ஃப்ளானன் தீவு, கலங்கரை விளக்கம், மாயமான மூன்று விளக்குக் காவலர்கள் (டூகட், மார்ஷல், மக்ஆர்தர்), பாதியில் விட்ட சாப்பாடு, அழுததாக எழுதிய நாட்குறிப்பு, கடைசியில் பேய்.

1900 டிசம்பர் 26-இல் முதலில் உள்ளே போனவர் மாற்றுக் காவலராக வந்த ஜோசப் மூர். சமையல் பாத்திரமெல்லாம் சுத்தமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். விளக்கைத் துடைத்து எண்ணெய் நிரப்பி வைத்திருந்தார்கள். அந்தச் சாப்பாடு 1912-இல் வந்த ஓர் ஆங்கிலக் கவிதையில் இருப்பது. நாட்குறிப்பு அதற்கும் பிறகு யாரோ கட்டிவிட்டது.

விசாரித்த கலங்கரை விளக்க வாரிய மேற்பார்வையாளர் ராபர்ட் மியூர்ஹெட் என்ன சொன்னார்? மேற்குத் துறையில் கடல் மட்டத்துக்கு 110 அடி மேலே பாறை இடுக்கில் இருந்த கயிற்றுப் பெட்டி உடைந்து சிதறியிருந்தது. இரும்புக் கம்பிகள் வளைந்து கிடந்தன. டிசம்பர் 15 மதியத்துக்கு மேல் அதைப் பத்திரப்படுத்தப் போனபோது பெரிய அலை அவர்களை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார். மார்ஷலுக்கு ஏற்கெனவே தளவாடம் கடலில் போனதற்காக ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டிருந்தார்கள். அந்த நினைப்பும் இருந்திருக்கும். மக்ஆர்தர் மேல்கோட்டைக்கூட மாட்டாமல் ஓடியிருக்கிறார். வேலைக்குப் போன இடத்தில் செத்தவர்கள், ஐயா.

"உடல் கிடைக்கவில்லையே, அப்புறம் எப்படி உறுதியாகச் சொல்கிறாய்?" என்று கேட்பீர்கள். சரி, நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கடலை அறிந்தவன் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னதை விட்டுவிட்டு பேயை ஏன் நம்ப வேண்டும்?

என் பெரியப்பாவும் கடலில் போனவர்தான். வள்ளத்தின் ஒரு பலகை கரை ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. கொழும்பில் வேறு குடும்பம் வைத்திருக்கிறார் என்று ஊரில் கதை கட்டினார்கள். பெரியம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போனால் பேச்சு அப்படியே நிற்கும். அதனால் எல்லோரும் பிடித்துவிட்டுப் போன பிறகு இருட்டில் போய்க் குடம் நிரப்புவார். புருஷன் செத்ததற்கு அழக்கூட அவரை விடவில்லை. அப்படிக் கதை கட்டியவர்களும் சும்மா பொழுதுபோக்குக்குத்தான் பேசினார்கள்.

"நூறு வருசத்துக்கு முந்தைய வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு கோபமா?" ஆமாம், கோபம்தான். பேய் வேண்டுமென்றால் இல்லாத ஒரு தீவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டூகட்டுக்கு நாலு பிள்ளைகள், மக்ஆர்தருக்கு இரண்டு.