அடுக்கு பகா எண்ணானால் மட்டும் போதாது

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டறிந்த மாபெரும் பகா எண்ணைப் பற்றிய உங்கள் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 2-இன் ஓர் அடுக்கில் 1 கழித்தால் வரும் எண் அது. ஒரு வரியைத் திருத்தியாக வேண்டும். "அடுக்கு பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அத்தனை முறை பெருக்கி 1 கழித்து வருவதும் பகா எண்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 11 பகா எண். ஆனால் 2-இன் 11ஆம் அடுக்கில் 1 கழித்தால் வரும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கினால் கிடைத்துவிடும். அடுக்கு பகா எண்ணாக இருப்பது அவசியம், அவ்வளவுதான்.

பிறகு எப்படி உறுதிசெய்கிறார்கள்? லூக்கா-லெமர் சோதனை இருக்கிறது. தாளும் பேனாவும் எடுத்து 31-க்குச் செய்து பாருங்கள்; அது 2-இன் 5ஆம் அடுக்கில் 1 கழித்தது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழித்தால் 14. மறுபடியும் செய்தால் 194. அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு முறை: 64-இல் 2 போனால் 62, 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். கடைசிப் படியில் மீதி பூஜ்யமானால் அது பகா எண். 31 பகா எண்! அடுக்கு 5 என்பதால் மூன்றே படிகள். டுரான்டின் எண்ணில் அடுக்கு 13,62,79,841. ஏறக்குறைய அத்தனை படிகள் வேண்டும்.

கட்டுரை சொல்லாமல் விட்ட ஓர் அழகும் உண்டு. தசமத்தில் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணை இரும முறையில் எழுதினால் வெறும் ஒன்றுகள்தான், 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக. நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது.